ஒருசந்தியில் விட்டுப்போன மாத்திரைகள்

நான் சாவதற்காக மாத்திரை சாப்பிட்டேன் என்று எங்கள் ஊரில் பாதிப்பேர் இன்னும் நம்புகிறார்கள். மீதிப்பேர், அதை நம்பவில்லை என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, தெருமுனை திரும்பியதும் நம்புகிறார்கள். ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. ஊர் எதையாவது நினைத்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் ஒரே ஓர் ஆள் என்னை நம்பவேண்டியிருந்தது. அவர் என் வீட்டுக்காரர் சவரிமுத்து. அவர் நம்பாமல் போனால் நான் பிழைத்து வந்ததில் பெரிய அர்த்தம் இல்லை என்றே அந்த நாட்களில் எனக்குத் தோன்றியது.

இப்போது உடம்பு தேறிவிட்டது. என்னைப்போல் தினமும் இந்த மாத்திரையைப் போடுகிற யாராவது படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

எனக்குப் பதின்மூன்று வயதிலிருந்து வலிப்பு. பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனையில் நிற்கும்போது முதல்முறை விழுந்தேன். அன்றிலிருந்து பீனோபார்பிடோன் என்ற மாத்திரை. ராத்திரி சாப்பிட்டபிறகு போடவேண்டும். செஞ்சி ஆஸ்பத்திரியில் மாதம் ஒருமுறை வரிசையில் நின்று வாங்கிக்கொள்வேன். சின்ன வெள்ளை மாத்திரை, கசக்கும். அதைப் போட்டுக்கொண்டே பத்தாவது படித்தேன், கல்யாணம் செய்துகொண்டேன், ஸ்டெல்லாவைப் பெற்றேன். கடைசியாக விழுந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாத்திரையால் வந்த கெடுதல் என்றால் காலையில் ஒரு மந்தம், பேர்கள் சட்டென்று நினைவுக்கு வராதது, எட்டு மணிக்கே கண் சொருகுவது. என் வீட்டுக்காரர் எனக்குத் தூங்குமூஞ்சி என்று பேர் வைத்திருந்தார். நானும் சிரித்துக்கொள்வேன்.

நான் அங்கன்வாடியில் உதவியாளர். கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, "ஒரு நாள் கூட விடக்கூடாது" என்று சொல்வது என் வேலையில் ஒரு பாகம். ஊருக்குத்தான் உபதேசம். நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

ஸ்டெல்லா சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். இருபத்தாறு வயது. மூன்று இடம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், ஒன்றும் அமையவில்லை. நாலாவதாகத் தளவானூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் ஈஸ்டர் முடிந்து வருவதாகச் சொல்லியிருந்தது. இது அமையவேண்டும் என்று அந்தத் தவக்காலத்தில் ஒருசந்தி இருக்க நேர்ந்துகொண்டேன். ஒருசந்தி என்றால் ஒரு நாளைக்கு ஒரே வேளை சாப்பாடு. நாங்கள் மத்தியானம் சாப்பிடுவோம். காலையும் ராத்திரியும் தண்ணீர்தான். நோயாளிகளுக்கு இது கட்டாயம் இல்லை என்று பங்குச் சாமியார் வருடா வருடம் பூசையில் சொல்வார். இத்தனை வருடம் அதைக் கேட்டுக்கொண்டு நானும் சும்மா இருந்தேன். இந்த வருடம் மகளுக்காக நேர்ந்துவிட்டேன்.

புதனும் வெள்ளியும் இருந்தேன். புனித வாரத்தில் திங்கள் தொடங்கித் தினமும் இருந்தேன். இங்கேதான் புத்தி கெட்டது. மாத்திரையை ராத்திரி போடவேண்டும், சாப்பிட்டபிறகு போடவேண்டும் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வார்த்தையையும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெறும் வயிற்றில் போட்டால் குடல் வெந்துபோகும் என்று நானாகவே மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துவைத்திருந்தேன். ராத்திரி சாப்பாடு இல்லை, அதனால் ராத்திரி மாத்திரையும் இல்லை. எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. பத்து வருடமாக வராத வலிப்பு இந்த ஒரு வாரத்திலா வந்துவிடப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

பெரிய வெள்ளி அன்று சிலுவைப்பாதை முடிந்து வந்ததும் எனக்கும் அவருக்கும் சண்டை.

"மாப்ள வூட்டுக்காரங்க வந்தா உன் பிட்ஸ பத்தி வாயத் தெறக்காத" என்றார்.

"மறைச்சு கட்டிக் கொடுத்தா நாளைக்கு அவதான் பேச்சு வாங்குவா. நான் சொல்லத்தான் போறன்" என்றேன்.

"சொல்லு, சொல்லு. மூணு எடம் போனது இன்னாத்தாலன்னு நினைக்கற? எல்லாம் உன்னாலதான்."

பசி வேறு. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்போ நான் ஒழிஞ்சா எல்லாம் அமையும் இல்ல? ஒழிஞ்சே போறன்" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். கோபத்தில் எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் மறுநாள் நடந்ததற்குப் பிறகு அந்த வார்த்தைக்கு அர்த்தமே மாறிப்போயிற்று.

சனிக்கிழமை காலையிலிருந்தே வலதுகை விரல்கள் தானாகத் துள்ளின. டம்ளரைக் கீழே போட்டேன். அந்தத் துள்ளல் எனக்குத் தெரியும். விழுவதற்கு முன்னால் வருகிற சேதி அது. அவர் மணிலா, அதாவது வேர்க்கடலை, மூட்டைகளைத் தன் லோடு வேனில் ஏற்றிக்கொண்டு செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்குப் போயிருந்தார். வீட்டில் நான் தனியாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், சாப்பிட்டாயிற்று, இனிமேல் போடலாம் என்று எண்ணி, விட்டுப்போன நாட்களுக்கெல்லாம் சேர்த்து மாத்திரைகளை உரித்து எடுத்துப் போட்டுக்கொண்டேன். பாக்கியை அடைத்தால் சரியாகிவிடும் என்பது என் கணக்கு. கட்டிலில் சாய்ந்தேன். எனக்கு நினைவிருப்பது அவ்வளவுதான்.

சாயங்காலம் ஸ்டெல்லா ஈஸ்டருக்காகச் சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கியிருக்கிறாள். நான் தூங்குகிறேன் என்று நினைத்து முகம் கழுவப் போனவள், என் குறட்டை வேறு மாதிரி இருக்கிறதே என்று திரும்பி வந்து பார்த்திருக்கிறாள். உதடு நீலம். கட்டிலடியில் இந்த மாதத்து மாத்திரைப் பட்டையும், ஈஸ்டர் லீவு வருகிறது என்று முன்கூட்டியே வாங்கிவைத்திருந்த அடுத்த மாதத்துப் பட்டையும் காலியாகக் கிடந்தன. அடுத்த மாதத்துப் பட்டையை நான் எப்போது எடுத்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

செஞ்சி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, நேராக விழுப்புரம் பக்கத்துப் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பிவிட்டார்கள். மூச்சு நிமிடத்துக்கு நாலைந்துதான் வந்ததாம். தொண்டையில் குழாய் போட்டு வெண்டிலேட்டரில் சேர்த்தார்கள். வெண்டிலேட்டர் என்றால் நமக்குப் பதிலாக மூச்சு விடுகிற எந்திரம். எல்லாரும் ஈஸ்டருக்கு முந்தின ராத்திரிப் பாஸ்கா பூசையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் எனக்குக் கரியைக் கரைத்து மூக்குக் குழாய் வழியே வயிற்றுக்குள் விட்டுக்கொண்டிருந்தார்கள். குடலில் மிச்சமிருக்கிற மருந்தைக் கரி பிடித்துக்கொள்ளுமாம்.

ஐந்து நாள் எனக்கு உலகம் இல்லை. அந்த ஐந்து நாளையும் ஸ்டெல்லா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மாற்று மருந்து ஊசி ஏதாவது உண்டா என்று அவள் கேட்டிருக்கிறாள். இந்த மருந்துக்கு முறிவு கிடையாது, உடம்பு தானாக வெளியே தள்ளும்வரை மூச்சைக் காப்பாற்றிக்கொடுப்பதுதான் வைத்தியம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். சிறுநீரில் சீக்கிரம் வெளியேறுவதற்கு நரம்பில் சோடா உப்பு மாதிரி ஒரு மருந்து ஏற்றினார்கள். மற்றபடி காத்திருப்புதான்.

வெளியே வராந்தாவில் என் வீட்டுக்காரர் பாய் விரித்துக் கிடந்தார். உள்ளே ஏதாவது தேவை என்றால் நோயாளி பேரைச் சொல்லி, கூட இருப்பவரை ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். "ஆரோக்கியமேரி அட்டெண்டர்!" என்று குரல் வரும்போதெல்லாம், முடிந்துபோயிற்று என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே ஓடுவாராம். ஓடிப்போனால் டயபர் வாங்கிவரச் சொல்வார்கள். பக்கத்துப் பாயில் மேல்மலையனூரிலிருந்து வந்த ஓர் அம்மா, மகனுக்காகக் காத்திருந்தவர், இரண்டு வேளையும் தன் சோற்றில் பாதியை இவருக்குக் கொடுத்திருக்கிறார். அங்காளம்மன் குங்குமத்தை ஒரு பொட்டலத்தில் மடித்து, "உங்க சாமி கோவிச்சிக்காதுன்னா தலமாட்டுல வையிப்பா" என்றாராம். இவர் அதை என் ஜெபமாலையோடு சேர்த்து வைக்கச் சொல்லி உள்ளே கொடுத்தனுப்பியிருக்கிறார். அந்த அம்மாவின் மகன் பிழைக்கவில்லை. எனக்குக் கண் தெரிந்தபோது அவர் ஊருக்குத் திரும்பிப் போயிருந்தார். அவருக்கு ஒரு நன்றி சொல்ல எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஆறாம் நாள் கண் விழித்தேன். முதலில் தெரிந்தது கூரைவிசிறி. பிறகு என் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்த ஸ்டெல்லா. தொண்டையில் குழாய் இருந்ததால் பேச்சு வரவில்லை. கையை அசைத்தேன். நகவெட்டியைப் போட்டுவிட்டு அவள் அழுத அழுகையில் நர்ஸ் ஓடி வந்துவிட்டார்.

குழாயை எடுத்து வார்டுக்கு மாற்றியபிறகு ஏட்டு ஒருவர் காகிதக்கட்டோடு வந்தார். மாத்திரை அதிகமாகி வந்தால் போலீசுக்குத் தகவல் போவது வழக்கமாம். வீட்டுக்காரரை வெளியே நிற்கச் சொன்னார்.

"யாராச்சும் கஷ்டம் குடுத்தாங்களாம்மா? பயப்படாம சொல்லு."

"இல்லீங்க. ஒருசந்தி இருந்தன். மாத்திர விட்டுப்போச்சு. சேத்துப் போட்டுட்டன்" என்றேன். என் குரல் தகரத்தைத் தேய்த்த மாதிரி வந்தது.

ஏட்டு எழுதிக்கொண்டார். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. பின்னாலேயே வந்த டாக்டரம்மா, ஸ்டெல்லாவைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார், "அது என்ன ஒருசந்தி?" என்றார். லூர்து என்ற நர்ஸ் அங்கே இருந்தார். "எங்க ஆளுங்க ஈஸ்டருக்கு முன்னாடி இருக்கற விரதம் டாக்டர். ராத்திரி சாப்பிட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "சாப்பாட்டுக்கு அப்புறம்னு சொன்னதால மாத்திரயயும் விட்டீங்களாக்கா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்த வகை மருந்துங்களுக்கு பார்பிடுரேட்னு பேரும்மா. மூளையில நரம்புங்க அளவுக்கு மீறி துடிக்காம அடக்கி வைக்கும். அதனாலதான் உங்களுக்கு வலிப்பு வரல. முந்தி காலத்துல தூக்கம் வரலன்னாலும் இதைத்தான் கொடுத்தாங்க. அதுக்கு அடிமையானவங்களும் நிறைய, செத்தவங்களும் நிறைய. அதனால தூக்கத்துக்குக் கொடுக்கறத நிறுத்திட்டாங்க. வலிப்புக்கு மட்டும் இன்னும் நல்ல மருந்து. பொறந்த கொழந்தைக்கு வலிப்பு வந்தா இன்னைக்கும் பல எடத்துல முதல்ல இதைத்தான் போடறோம்."

"நல்ல மருந்துன்னா இப்படி ஏன் ஆச்சு?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"குணம் பண்ற அளவுக்கும் கெடுதல் பண்ற அளவுக்கும் நடுவுல எடம் கம்மி. கூடிப்போனா துடிப்ப மட்டும் இல்ல, மூச்சையும் அடக்கிடும். சாராயமும் சேந்தா இன்னும் மோசம். திடீர்னு நிறுத்தினாலும் ஆபத்து. வருஷக்கணக்கா அடங்கிப் பழகின மூளை ஒரேயடியா துள்ளும். உங்கம்மாவுக்குக் கை துள்ளிச்சே, அதுதான். விட்டுப்போச்சுன்னா சேத்துப் போடவே கூடாது. ஆஸ்பத்திரிக்கு வந்து கேக்கணும்."

வெறும் வயிற்றில் போட்டிருந்தாலும் குடல் வெந்திருக்காதாம். முழு விரதமே இருந்தாலும் ஒரு வாய்த் தண்ணீரில் போட்டிருக்கலாமாம். கருத்தடை மாத்திரை போடுகிறவர்களுக்கு அதன் பலனை இது குறைத்துவிடும், நாளாவட்டத்தில் எலும்பும் இளைக்கும் என்றும் சொன்னார். முப்பது வருடத்துக்கு மேல் போட்ட மருந்தைப்பற்றி அன்றுதான் நான் முதன்முதலாகக் கேள்வி கேட்டேன். அடுத்த மாதத்துப் பட்டை எப்படிக் காலியாயிற்று என்றும் கேட்டேன். இந்த மருந்தில் மயங்கிக் கிடப்பவர்கள் ஏற்கெனவே போட்டதை மறந்து, அரைத்தூக்கத்தில் மறுபடி எடுத்துப் போடுவது உண்டு, நீங்களும் அப்படிச் செய்திருக்கலாம் என்றார். இருக்கலாம் என்றுதான் சொன்னார். அடித்துச் சொல்லவில்லை.

அவர்கள் போனபிறகு என் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார். ஒரு வாரத்தில் ஆளே பாதியாகியிருந்தார். நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "போலீசுக்குச் சொன்னத எனக்கும் சொல்லாத மேரி" என்றார்.

தன்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் நான் பொய் சொல்கிறேன், தான் பேசின பேச்சால்தான் நான் மாத்திரையை எடுத்தேன் என்பது அவருடைய எண்ணம். அன்றைக்கு எனக்கு வந்த துக்கம் தொண்டையில் குழாய் கிடந்தபோதுகூட வந்திருக்காது. நான் செத்துப்போயிருந்தால் அந்த மனுஷன் ஆயுசு பூராவும் தன்னைக் கொலைகாரனாக நினைத்துக்கொண்டே இருந்திருப்பார். இப்போது நான் உயிரோடு எதிரே இருக்கிறேன், ஆனாலும் அப்படித்தான் நினைக்கிறார். சத்தியம் செய்து தீர்க்கலாம் என்று பார்த்தால், இரண்டாவது பட்டையைப்பற்றி எனக்கே ஞாபகம் இல்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரையை நிறுத்தவில்லை, நிறுத்தவும் முடியாது. அளவைச் சரிபார்த்துக் கொடுத்து, மாதாமாதம் வரச்சொன்னார்கள். வேறு மருந்துக்கு மாற்றுவதென்றாலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்றவேண்டுமாம்.

அந்த மாத்திரை டப்பாவை அவர் என் கையில் கொடுக்கவில்லை. வேனில் டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். ராத்திரிச் சாப்பாடு ஆனதும் அன்றைக்கு உரியதை மட்டும் உள்ளங்கையில் வைத்து எடுத்துவருவார். தண்ணீர் கொடுப்பார். "வாயத் தெற" என்பார். நாக்கைத் தூக்கிக் காட்டவேண்டும். ஒதுக்கிச் சேர்த்து வைத்துக்கொள்வேனோ என்ற பயம். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுத்து நான் பார்க்கிற மாதிரியே அவர் என்னைப் பார்த்தார். கோபப்படலாம் என்றால் முடியவில்லை. டார்ச் அடித்துப் பார்த்து முடித்ததும் கதவுப் பக்கமாகவே பாய் போட்டுப் படுத்துக்கொள்வார். பின்பக்கத்துக் கிணற்றுமேல் பலகை போட்டு மூடினார். என்னைத் தனியாக விடவேண்டாம் என்று வெளியூர் லோடு எதற்கும் போகவில்லை. இப்படி இரண்டு மாதத்துக்கு மேல் போயிற்று. எங்களுக்குள் சண்டையே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் ஈஸ்டர் முடிந்து வரவேண்டியவர்கள் ஆனிமாதக் கடைசியில் வந்தார்கள். ஸ்டெல்லா எல்லாருக்கும் காபி கொடுத்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன். பையனின் அம்மா நல்ல மாதிரிதான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க. அம்மா எதையோ சாப்ட்டுட்டாங்கன்னு காதுல விழுந்துச்சு. வூட்டுல எதுனா பிரச்சனையா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் பேசினார்.

"எங்க வூட்டம்மாவுக்குச் சின்ன வயசுலேர்ந்து வலிப்பு இருக்குதுங்க. மாத்திர போட்டா வராது. ஒருசந்தி இருக்கறன்னு மாத்திரய விட்டுட்டா. பயந்துபோயி சேத்துப் போட்டுட்டா. சாவணும்னு போடல."

"இல்ல, ஊர்ல சொல்றத..."

"ஊருக்கு இன்னா தெரியும்? எனக்கே தெரியல. நானும் முந்தின நாளு வாய்க்கு வந்தபடி பேசிட்டன், அதனாலதான்னு நினைச்சிக்கினு இருந்தன். அவ ஆஸ்பத்திரில கெடந்தப்போ ஒரு நாளு துணி எடுக்க வூட்டுக்கு வந்தனுங்க. கதவத் தெறந்தா ஒரே நாத்தம். பாத்தா ரெண்டு குண்டானுல அரிசியும் உளுந்தும் ஊறி அழுகிக் கெடக்குது. பாஸ்காவுக்கு இட்டிலி. மாத்திரயப் போட்டுட்டு, அந்தத் தூக்கக் கலக்கத்துலயும் எழுந்து போயி ஊறப்போட்டிருக்கறா. ஏன்னா அதுல ஒண்ணு சோறு வடிக்கற குண்டானு, மத்தியானம் சாப்ட்டு முடிச்சப்புறம்தான் காலியாவும். அன்னைக்கு நாத்தத்துல கழுவி ஊத்திட்டுப் போயிட்டன், யோசிக்கல. ரெண்டு மாசமா அதத்தான் யோசிச்சிக்கினு இருக்கறன். சாவப்போறவ யாருனா மறுநாளு பொண்ணுக்கு இட்டிலி சுட அரிசி ஊறப்போடுவாளா? நீங்களே சொல்லுங்க."

எனக்கு அரிசி ஊறப்போட்டது சுத்தமாக ஞாபகம் இல்லை. அந்த நிமிடம்வரை அப்படி ஒன்று நடந்ததே எனக்குத் தெரியாது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வந்தவர்கள் இருக்கிறார்கள் என்றும் பாராமல் அழுதேன்.

அவர்கள் மரியாதையாக விடைபெற்றுப் போனார்கள். கலந்துகொண்டு சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். இன்னும் சேதி வரவில்லை. வராமலும் போகலாம். மறைக்காமல் சொன்னோம் என்பதில் ஸ்டெல்லாவுக்குத் திருப்தி. "வந்தா வரட்டும், போனா போகட்டும்மா" என்று பஸ் ஏறிவிட்டாள்.

வந்தவர்கள் போன அன்று ராத்திரி சாப்பாடு ஆனதும் அவர் வேனுக்குப் போய்ப் பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில் அன்றைக்குரிய மாத்திரை மட்டும் இல்லை. டப்பாவே இருந்தது. அதற்கு முன்தினம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கிவந்தது, ஒரு மாதத்துக்கானது.

"நாளைக்கு மெட்ராஸ் லோடு இருக்குது. வர ரெண்டு நாளாவும்" என்று சொல்லி டப்பாவை என் மடியில் வைத்தார்.

நான் அன்றைக்கு உரியதை எடுத்துப் போட்டுத் தண்ணீர் குடித்தேன். இரண்டு மாதப் பழக்கம். என்னை அறியாமலே அவரைப் பார்த்து வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"வாய மூடுடி, மேரி" என்றார்.